நிறம் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா

சுங்கை சிப்புட்டில் 38 ஆண்டுகள் பெயர்ப்பலகை எழுதியவர், நிறம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பதினைந்து பேர் கூடுவோம். முன்பெல்லாம் ரம்மி ஆடுவோம். இப்போது பிள்ளைகள் போக்கர் என்ற சீட்டாட்டம் கற்றுக்கொடுத்ததால் எட்டுப் பேர் அதில் உட்கார்ந்துவிடுகிறோம். காசு வைப்பதில்லை, காசுக்குப் பதிலாக வைக்கும் வட்டச் சில்லின் கணக்கு மட்டும்தான். வரும் தீபாவளியோடு அப்பாவுக்கு எழுபது வயது முடிகிறது. அதற்காக நம் விருப்பப்படி நிறமும் படமும் வைத்துக் களிமண் சில்லு செய்துதரும் ஒரு அமெரிக்கப் பட்டறையில் 400 சில்லு சொல்லலாம் என்கிறான் அண்ணன் மகன். நான் கணினியில் பார்த்து ஏழு நிறம் எடுத்திருக்கிறேன்: வெள்ளை, சிவப்பு, பச்சை, கருநீலம், ஊதா, மரூன், கறுப்பு. ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய காலத்தில், பழுத்த குலை எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல வராது என்பார். என் தேர்வு சரிதானா?
வாசகி, ஸ்லிம் ரிவர்

பதில்: அம்மா, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அப்பா நிறம் தெரியாமல் எப்படி இத்தனை வருடம் குலை வெட்டினார் என்று கேட்டுப் பாருங்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழத்தைப் பார்த்து வெட்டினேன் என்பார். காய் கருஊதாவாக இருந்து செம்மஞ்சளாகப் பழுக்கும். ஆனால் தோட்டத்தில் கணக்கு, கீழே எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறது என்பதுதான். நிறம் கைவிட்டாலும் இன்னொரு அடையாளம் அவருக்கு இருந்தது. சில்லிலும் அந்த இன்னொரு அடையாளத்தைக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், எங்கள் டவுனில் ஒரு மளிகைக் கடைக்குப் பலகை எழுதினேன். இலைப்பச்சைத் தரை, அதில் ரத்தச் சிவப்பு எழுத்து. கிட்டே நின்று பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஏணியில் ஏறி மாட்டிவிட்டு இறங்கும்போது, சாலைக்கு எதிர்ப்பக்கம் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் தகப்பனார் கூப்பிட்டார். “ஏன் தம்பி, பச்சை அடித்தது காய்ந்துவிட்டதே, எழுத்து எப்போது எழுதப் போகிறாய்?” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் கண்ணுக்கு அந்தப் பலகையில் எழுத்தே இல்லை. மறுநாள் இறக்கி, எழுத்தைச் சுற்றி விரல் கனத்துக்கு வெள்ளைக் கோடு இழுத்து மாட்டினேன். அங்கிருந்தே கடையின் பெயரை எழுத்து விடாமல் படித்தார்.

சிவப்பும் பச்சையும் பெயரில் இரண்டு. ஆனால் நான் கலந்த அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒரே அளவு டார்க். நிறத்தைப் பிரிக்கும் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது, பிரிக்காத கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது. அன்று முதல் எந்தப் பலகைக்கும் இரண்டு நிறம் எடுத்தால், எது லைட், எது டார்க் என்றுதான் முதலில் பார்ப்பேன். என்ன நிறம் என்பது அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஏழு நிறத்தை இப்படிப் பார்ப்போம். வெள்ளை ஒன்றுதான் லைட். மற்ற ஆறும் டார்க். அதிலும் கருநீலம், ஊதா, மரூன், கறுப்பு நான்கும் ஒரே படியில் நிற்கின்றன. கணினித் திரை தானே ஒளி விடுவதால் அதில் நான்கும் அழகாகப் பிரிந்து தெரிந்திருக்கும். களிமண் சில்லுக்கு மினுமினுப்பு கிடையாது. சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக, ஒளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தீபாவளி இரவு, வீட்டு முன்கூடத்தில் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் மேசை போட்டு உட்காருவீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நீல ஒளி குறைவு. அதனால் கருநீலமும் ஊதாவும் கறுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். வெள்ளையும் இளமஞ்சளும் வைத்திருந்தால் அவையும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

போன வருடம் எங்கள் வீட்டில் இது நடந்தது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சில்லு, நீலத்தின் மதிப்பு பத்து, கறுப்பின் மதிப்பு நூறு. மணி பதினொன்றுக்கு மேல், மச்சான் தன் முன்னால் இருந்த அடுக்கில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டி நான்கு சில்லு பிரித்து நடுவில் தள்ளினார். நாற்பது என்று சொல்லித் தள்ளினார். எண்ணிப் பார்த்தால் இரண்டு நீலம், இரண்டு கறுப்பு. சொன்ன கணக்கா, தள்ளிய சில்லா? அரை மணி நேரம் அந்தப் பேச்சுதான். காசு இல்லாத ஆட்டம்தான், ஆனாலும் மனிதர் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பிழை அவருடையது இல்லை, சில்லின் நிறம் அப்படி.

சரி, களிமண் சில்லு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் களிமண் என்றதும் கோலகங்சார் சாயோங் கிராமத்துக் கறுப்புக் கூஜாதான் நினைவுக்கு வரும். சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு நெல் உமியில் புதைத்து அதற்குக் கறுப்பு ஏற்றுவார்கள். எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். லயத்து வாசலில் அக்காமார் பாண்டி ஆட, உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய ஓட்டுச்சில்லு. கீழடியில் தோண்டும்போதும் அப்படிப்பட்ட வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. போக்கர் சில்லு அந்த இனம் இல்லை. சூளையில் சுடுவதில்லை. மண்ணும் வேறு சில பொருள்களும் நிறமும் கலந்த கலவையை அச்சில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து எடுப்பது. பொதுவாக 39 மில்லிமீட்டர் அகலம், எட்டு முதல் பத்து கிராம் எடை. நிறம் மேலே பூசியது இல்லை, உடம்பு முழுக்க அதே நிறம். அதனால் எத்தனை வருடம் தேய்ந்தாலும் உள்ளே வேறு நிறம் தெரியாது. நீங்கள் இன்று எடுக்கும் முடிவு உங்கள் பேரப்பிள்ளைகள் கைக்குப் போகும்போதும் அதே நிறமாக இருக்கும்.

அந்த இன்னொரு அடையாளம் இதில்தான் இருக்கிறது. சில்லின் ஓரத்தில் வேறு நிறத்தில் பட்டை பதிப்பார்கள். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு நிறத் துண்டை வைத்துச் சேர்த்து அழுத்துவார்கள். பட்டை பக்கவாட்டிலும் தெரியும். இருபது சில்லை அடுக்கி வைத்தால் மேல்முகம் ஒன்றுதான் கண்ணில் படும், மற்ற பத்தொன்பதுக்கும் பக்கவாட்டு மட்டும்தான். வேறு சில்லு ஒன்று அடுக்கில் கலந்திருந்தால் அந்தப் பட்டைதான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கப் பட்டறைக்காரர்களிடம் இதற்கு எண் கணக்கு ஒன்று உண்டு: 414 என்றால் கால் அங்குலப் பட்டை நான்கு, 814 என்றால் அதே பட்டை எட்டு. பட்டை கூடக் கூட விலையும் கூடும். மதிப்புக் குறைந்த சில்லுக்குச் சும்மா நான்கு, மதிப்பு கூடியதற்கு எட்டு என்று வைத்தால் உங்கள் அப்பா நிறத்தைப் பார்க்காமலே பட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பட்டை நிறம் உடம்பு நிறத்துக்கு நேர் எதிர் லைட்டாக, அல்லது டார்க்காக இருக்க வேண்டும். கருநீலத்தில் ஊதாப் பட்டை வைத்தால் என் மளிகைக் கடைப் பலகை மாதிரிதான் ஆகும்.

அப்புறம், ஏழு நிறம் வேண்டாம். எட்டுப் பேருக்கு நான்கு போதும். சில்லின் மதிப்பு ஒன்று, ஐந்து, இருபத்தைந்து, நூறு. ஒருவருக்கு ஒன்றில் பத்து, ஐந்தில் எட்டு, இருபத்தைந்தில் ஆறு கொடுங்கள். மொத்தம் இருநூறு புள்ளி வந்துவிடும். எட்டுப் பேருக்கு 192 சில்லு. உங்கள் 400-ஐ இப்படிப் பிரிக்கலாம்: ஒன்றில் 100, ஐந்தில் 160, இருபத்தைந்தில் 100, நூறில் 40. ஐந்தை ஏன் கூட்டச் சொல்கிறேன் என்றால், கையை விட்டுக் கைக்கு அதிகம் ஓடுவது அதுதான்.

இனி நிறம். அமெரிக்க வழக்கத்தில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு. நியூ ஜெர்சி மாநிலத்தில் சூதாட்டக் கூடங்களுக்கு இந்த நிறங்களை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகியிருப்பார்கள், அதுதான் வேண்டும் என்பார்கள். ஆனால் அந்த வரிசையில் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து நிற்கின்றன, உங்கள் அப்பாவுக்கு எது ஆகாதோ அதுவே. அவருக்காகச் செய்யும் சில்லில் அவர் பக்கத்தில் இருப்பவரிடம் “இது ஐந்தா, இருபத்தைந்தா?” என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. வழக்கத்தை மாற்றுங்கள். யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

என் தேர்வு இது. ஒன்றுக்கு இளநீலம், கருநீலப் பட்டை நான்கு. ஐந்துக்குச் செங்கல் நிறம், வெள்ளைப் பட்டை நான்கு. மரூன் பக்கம் போகாமல் கொஞ்சம் செம்மஞ்சள் கலந்த செங்கலாக எடுங்கள். சிவப்பு தெரியாத சிலருக்கு மரூன் கறுப்பு போலவே தெரியும், செம்மஞ்சள் கலந்தால் அந்த ஆபத்து குறையும். இருபத்தைந்துக்கு நல்ல மஞ்சள், சாமந்திப்பூ மஞ்சள், கறுப்புப் பட்டை எட்டு. நூறுக்குக் கறுப்பு, மஞ்சள் பட்டை எட்டு. சிவப்பு பச்சை பிரியாதவர்களுக்கும் நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரியும். பச்சை இதில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? ஒளிர் நிறம் என்று கண் கூசுகிற இளஞ்சிவப்பும் எலுமிச்சையும் காட்டுவார்கள். பலகைத் தொழிலில் வெயிலுக்கு முதலில் வெளுப்பது அந்தச் சாயம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

400-க்கும் பணம் கட்டும் முன் நிற மாதிரி கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சில்லு அனுப்புகிற வழக்கம் உண்டு. வந்ததும் பகலில் பார்த்து மயங்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல், நீங்கள் ஆடும் அதே மேசையில், அதே விளக்கில் வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு சில்லு ஒரே சாம்பலாக வந்தால் அந்த இரண்டில் ஒன்றை மாற்றலாமா என்று யோசியுங்கள். கடைசியாக அப்பாவைக் கூப்பிட்டு, எதற்கு என்று சொல்லாமல், “எது எது வேறு, பிரித்து வையுங்கள் அப்பா” என்று கேளுங்கள். அவர் கை தயங்குகிற இடம் எதுவோ, அந்த நிறத்தை எடுத்துவிடுங்கள்.

சில்லில் எண் மட்டும் போடுங்கள், ரிங்கிட் குறி வேண்டாம். காசு வைத்து ஆடும் இடங்களுக்கு எதிராக நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஆட்டம் அது இல்லை என்பது பார்த்தவுடனே தெரியட்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய களிமண் சில்லில் வெள்ளை நிறம் 150 இருக்கிறது. போன பொங்கலுக்கு ஆடிக்கொண்டே எல்லாரும் வடையும் கோழிப் பிரட்டலும் சாப்பிட்டதில் பாதிச் சில்லு மஞ்சளாகிவிட்டது. பாத்திரம் கழுவும் பச்சை நாரால் தேய்த்தேன், மேலே இருந்த வரி வரியான அச்சு மழுங்கியதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?
வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: நாரை நிறுத்துங்கள் அம்மா. சில்லின் ஓரத்தில் சுற்றி வரும் அந்த அச்சுதான் அடுக்கு வழுக்காமல் பிடித்து நிற்க உதவுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, பழைய பல்துலக்கியால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். வாளியில் ஊறப் போடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இதிலேயே போய்விடும்.

மஞ்சள் கறைக்கு மருந்து உங்களுக்கே தெரியும். வேட்டியில் சாம்பார் கொட்டினால் துவைத்து வெயிலில் போடுவோம் இல்லையா, மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. சில்லையும் அப்படிக் காட்டலாம், ஆனால் காலை வெயிலில், ஜன்னல் ஓரத்தில், ஒரு மணி நேரம் போதும். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையிலோ காருக்குள்ளோ வைத்துவிடாதீர்கள். சூட்டில் அழுத்திச் செய்த பொருள், சூட்டில் வளைந்தும் போகும். வளைந்த சில்லு மேசையில் வைத்ததும் தட்டாமாலை சுற்றும்.

சில்லு வாங்கப் போகிற மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன். கையால் எடுத்துச் சாப்பிடும் வீட்டில் அதிகம் புழங்கும் சில்லுக்கு வெள்ளை எடுக்காதீர்கள். இளநீலமும் சாம்பலும் அழுக்கைத் தாங்கும். வெள்ளைதான் பிடிக்கும் என்றால் அபூர்வமாகக் கைக்கு வரும் பெரிய மதிப்புக்கு அதை வையுங்கள்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயத்தில் ஒன்றாக வளர்ந்த நாங்கள் வருடம் ஒருமுறை கூடுகிறோம். சீட்டாட்டத்துக்கு நினைவாக 200 சில்லு செய்கிறோம். தோட்டத்தின் பெயரைத் தமிழில் போட வேண்டும். எல்லாம் கறுப்புச் சில்லு, தங்க எழுத்து என்று முடிவாகியிருக்கிறது. உங்கள் கருத்து?
வாசகர், தஞ்சோங் மாலிம்

பதில்: தம்பி, என் அப்பா அம்மா இருவரும் பால் மரம் சீவியவர்கள். அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

தங்க எழுத்து வேண்டாம். மெல்லிய தங்கத் தாளைச் சூடு வைத்து ஒட்டுவார்கள். கைபட்டுக் கைபட்டு அது உரிந்துபோகும். தோட்டம் போனது போதும், பெயராவது நிற்கட்டும். நடுவில் அச்சடித்த வட்டத்தைப் பதித்து, சில்லோடு சேர்த்து அழுத்தும் முறை இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

எல்லாம் கறுப்பு என்றால் 200-ம் ஒரே மதிப்புதான் ஆகும். நிறத்தை ஏன் வெளியே தேடுகிறீர்கள், தோட்டத்திலேயே எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது மலைச்சரிவு முழுக்கச் செம்பு நிறமாகப் பழுத்து நிற்குமே, அது ஒன்று. புகைக்கூடத்திலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த ரப்பர் ஷீட்டின் தேன் நிறம் ஒன்று. பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் ஆடை கட்டிய பால், அது பால்வெள்ளை இல்லை, லேசாகப் பழுப்பேறியது, அழுக்கும் அவ்வளவாகத் தெரியாது. நாலாவதற்கு விடிவதற்கு முன் நிரையில் நின்று பார்த்த மரத்தின் கரும்பச்சை, கிட்டத்தட்டக் கறுப்பு. பால், தேன், செம்பு, கரும்பச்சை என்று வைத்தால் லைட்டிலிருந்து டார்க்குக்குப் படிப்படியாக இறங்கும், ஒன்றோடொன்று குழம்பாது. செம்பும் கரும்பச்சையும் மட்டும் நெருங்கி வரலாம். செம்பில் பால் நிறப் பட்டையும் கரும்பச்சையில் தேன் நிறப் பட்டையும் வைத்துவிடுங்கள்.

எழுத்து பற்றி ஒன்று. நடுவட்டம் 22 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் தமிழ் எழுத்தைக் கனமாகப் போட்டால் ண, னை, ழு போன்றவற்றின் சுழி மையால் அடைந்து பொட்டாகிவிடும். ஆங்கில எழுத்துக்கு அந்தத் தொல்லை குறைவு என்பதால் பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். மெல்லிய எழுத்தாக எடுங்கள். உயரம் நான்கு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பெயர் நீளமாக இருந்தால் “தோட்டம்” என்ற சொல்லைக் கீழே வளைத்து எழுதி, பெயரை மட்டும் நடுவில் விடுங்கள். பால் நிற வட்டத்தில் கறுப்பு எழுத்து, நான்கு சில்லுக்கும் ஒன்றுபோலவே. மாதிரியைத் தாளில் அதே அளவுக்கு அச்சடித்து, கூட்டத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவர் கையில் கண்ணாடி இல்லாமல் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்துவிட்டால் பட்டறைக்கு அனுப்பலாம்.